தபித்தா தைத்த ஆடைகள்

திருத்தூதர் பணிகள் நூலின் ஒன்பதாம் அதிகாரம் நம்மை ஒரு சாவு வீட்டுக்கு அழைத்துச் செல்கிறது. யோப்பா நகரில் தபித்தா என்னும் பெண் சீடர் இறந்து, மாடியறையில் கிடத்தப்பட்டிருக்கிறார். பேதுரு வந்து சேர்ந்ததும் கைம்பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று அழுகிறார்கள். தபித்தா உயிரோடிருந்தபோது தங்களுக்குச் செய்து கொடுத்த உடைகளை எடுத்து அவர்முன் காட்டுகிறார்கள். இறந்தவர் எத்தகையவர் என்று விளக்க அந்த ஏழைப் பெண்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

மறைநூலில் ஆடைகளுக்குப் பஞ்சமில்லை. யோசேப்பின் அங்கி, எலியாவின் போர்வை, நம் ஆண்டவரின் தையலில்லா அங்கி என்று எத்தனையோ உடைகளை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆயினும் அவை உடுத்தியவரின் பெயரால் அறியப்படுபவை. தைத்த கையின் பெயரோடு நம்மிடம் வந்து சேர்ந்த ஆடைகள் மிகச் சிலவே. சிறுவன் சாமுவேலுக்கு அவன் தாய் அன்னா ஆண்டுதோறும் தைத்துக் கொண்டு சென்ற சிற்றாடை அவற்றுள் ஒன்று. தபித்தாவின் ஆடைகள் மற்றொன்று.

உடுத்தியவருக்கும் தைத்தவருக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு ஓர் ஆங்கில நூல்வரிசையையும், அதைச் சுற்றி வளர்ந்த ஒரு பொழுதுபோக்கையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஜேனட் ஆர்னல்டு என்னும் ஆங்கிலேயப் பெண்மணி எழுதிய ‘பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபேஷன்’ என்பதே அந்நூல்வரிசை. பழங்காலத்து உடைகளை ஆராய்ந்து, அவற்றைப் போலவே மீண்டும் தைத்து உடுத்திப் பார்ப்பதே அப்பொழுதுபோக்கு.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இதில் ஈடுபடுவோர் ஏராளம். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1966இல் இடைக்கால வாழ்க்கையை நடித்துப் பார்ப்பதற்கென்று தொடங்கிய ஒரு கழகம் இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு உடை தைக்கப் புறப்பட்டவர்களில் சிலர் நாளடைவில் கூட்டத்தை மறந்து ஆராய்ச்சியில் ஆழ்ந்துவிட்டார்கள். அவர்கள் பெரும்பாலும் வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்கள். மாலையிலும் விடுமுறையிலும் அமர்ந்து ஒரு சட்டையை மாதக்கணக்கில் தைக்கிறார்கள். தையல் இயந்திரம் பரவியது 1850களுக்குப் பின்னரே என்பதால், அதற்கு முந்தைய உடை எதையும் கையாலேயே தைக்க வேண்டும் என்பது அவர்களில் கண்டிப்பானவர்களின் விதி. ஓவியங்களையும், இறந்தவர் வீட்டுச் சொத்துப் பட்டியல்களையும், தையற்காரரின் கணக்கு ஏடுகளையும் அவர்கள் புரட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் உடைகளை நாடிச் செல்கிறார்கள்.

உடுக்க ஒரு மாற்றுத் துணியில்லாதவர் இவ்வுலகில் கோடிக்கணக்கில் இருக்கையில், இறந்துபோன இளவரசியின் கவுனுக்கு ஓராண்டைச் செலவிடுவது வீண் ஆடம்பரமல்லவா என்று நம்மவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆர்னல்டின் நூல்களைப் புரட்டிய பிறகே அதற்கு விடை கூற முடியும்.

ஆர்னல்டு 1932இல் பிரிஸ்டல் நகரில் பிறந்து 1998இல் மறைந்தவர். 1660 முதல் 1860 வரையிலான ஆங்கிலேயப் பெண்களின் உடைகளைப் பற்றிய அவரது முதல் தொகுதி 1964இல் வெளிவந்தது. அடுத்த தொகுதி அங்கிருந்து 1940 வரை செல்கிறது. 1560 முதல் 1620 வரை ஆண்களும் பெண்களும் அணிந்த உடைகளைக் கூறும் தொகுதி 1985இல் வந்தது. அவருடைய உழைப்பின் உச்சம் அதுவே எனலாம். அவர் முடிக்காமல் விட்ட லினன் உடைகளின் தொகுதியை அவருடன் பணியாற்றியவர்கள் நிறைவுசெய்து 2008இல் வெளியிட்டனர்.

அவரது முறை எளியது. ஆனால் கடும் பொறுமையைக் கேட்பது. அருங்காட்சியகத்தில் ஓர் உடையின்முன் அளவு நாடாவோடும் பென்சிலோடும் அமர்வார். ஒவ்வொரு துண்டையும் அளந்து, கட்டத்தாளில் எட்டில் ஒரு பங்கு அளவில் வரைவார். துணியின் நூலோட்டம் எந்தப் பக்கம், மடிப்பு எத்தனை, உள்துணியில் எந்தத் தையல், எங்கே பிரித்து மாற்றித் தைத்திருக்கிறார்கள் என்பனவற்றைப் படத்தின் ஓரத்திலேயே தம் கையெழுத்தில் குறிப்பார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி வெட்டினால் எவரும் அவ்வுடையைத் தைத்துவிடலாம்.

வெட்டளவுப் படங்களின் தொகுப்பை இலக்கியமாகக் கருதி மதிப்பிடலாமா? அவரது படங்களைக் கூர்ந்து நோக்குவோர் அதில் ஐயப்படமாட்டார்கள். உடை எவ்வாறு இருந்திருக்க வேண்டும் என்று அவர் வரைவதில்லை. எவ்வாறு இருக்கிறதோ அவ்வாறே வரைகிறார். அந்நாளில் வெல்வெட்டும் பட்டும் குறுகிய அகலத்தில் நெய்யப்பட்டன. விலையோ மிக அதிகம். ஆகவே தையற்காரர் மிஞ்சிய சிறு துண்டுகளையும் வீணாக்காமல், பாவாடையின் விளிம்பிலும் கையின் அடியிலும் ஒட்டுப் போட்டுச் சேர்த்தார். பிற்கால வரைபடக்காரர் ஒருவர் இந்த ஒட்டுகளைக் குறையென்று கருதி விட்டிருப்பார். ஆர்னல்டு ஒவ்வோர் ஒட்டையும் வரைந்தார். இடமும் வலமும் ஒத்துவராத இடங்களை ஒத்துவராதபடியே காட்டினார். கோமகளின் கவுனில் ஒரு சாண் துணியை மிச்சப்படுத்த முயன்ற கடைக்காரனின் கவலையை அந்த ஒட்டில் நாம் காண்கிறோம். உண்மையை அழகுபடுத்தாமல் விடுவதற்கு ஒருவகைத் துறவு வேண்டும். அந்தத் துறவு இந்நூல்களில் இருக்கிறது.

1985ஆம் ஆண்டுத் தொகுதியின் இரண்டு உடைகளைச் சான்றாகக் காட்டலாம். புளோரன்ஸ் நகரின் கோமகன் முதலாம் கோசிமோவின் மனைவி எலியனோரா 1562இல் காய்ச்சலால் இறந்தார். அவருடைய மகன்கள் இருவரும் அதே நாட்களில் மாண்டனர். புனித லாரன்ஸ் ஆலயத்திலிருந்த அவர் கல்லறை 1857இல் திறக்கப்பட்டபோது, அடக்கத்தின்போது உடுத்திய சாட்டின் கவுனும் கையால் பின்னிய பட்டுக் காலுறைகளும் சிதைந்த நிலையில் கிடைத்தன. நீண்ட பராமரிப்புக்குப் பின் 1993இல் அவை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. மட்கிப்போன பகுதி எது, எஞ்சிய பகுதி எது என்று பிரித்துக் காட்டியே ஆர்னல்டு இக்கவுனை வரைந்தார். 1580இல் மாட்ரிட் நகரில் ஹுவான் தே அல்சேகா என்பவர் அச்சிட்ட தையற்கலை நூலின் வெட்டளவுகளோடு அதை ஒப்பிட்டும் பார்த்தார்.

மற்றொன்று சுவீடன் நாட்டு உப்சாலா பேராலயத்தில் இருக்கிறது. 1567இல் மன்னன் பதினான்காம் எரிக்கின் சினத்துக்கு ஆளாகி, ஸ்வான்டே ஸ்டூரே என்னும் பிரபுவும் அவருடைய புதல்வர் இருவரும் கொல்லப்பட்டனர். அன்று அவர்கள் அணிந்திருந்த உடைகளை, கத்தி பாய்ந்த துளைகளோடு, அந்தப் பிரபுவின் மனைவி பாதுகாத்து வைத்தார். கணவனையும் மகன்களையும் ஒரே நாளில் இழந்த ஒரு பெண் துணியை நீதியின் சாட்சியாக விட்டுச்சென்றாள். அந்த உடைகளின் வெட்டளவைப் பார்த்துத் தைக்கும் ஒருவர் அந்தத் துளைகள் எங்கே விழுந்தன என்பதையும் அறிந்தே தைக்கிறார். ஆடம்பரம் என்னும் குற்றச்சாட்டுக்கு இங்கே ஓரளவு விடை கிடைத்துவிடுகிறது. மாண்டவரின் தோளளவை நம் கைகளால் அளக்கும்போது அவர் வரலாற்றுப் பெயர் என்னும் நிலையிலிருந்து இறங்கி, எலும்பும் சதையும் உள்ள அயலாராகிவிடுகிறார். மனிதவுடல் ஏற்ற வார்த்தையை நம்புகிறவர்களுக்கு இது சிறிய செய்தியன்று.

தைத்து உடுத்திப் பார்ப்பதால் மட்டும் கிடைக்கும் அறிவும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுப் பெண்களின் படங்களில் அவர்கள் தோள்களைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்ந்து நிற்பதைக் காண்கிறோம். அதைச் செருக்கு என்று எழுதியவர்கள் பலர். அந்த வெட்டளவின்படி ஒரு கவுனைத் தைத்து அணிந்தவர் உண்மையை உணர்வார்: கைகள் முதுகுப் பக்கமாக வைத்துத் தைக்கப்பட்டிருப்பதால் தோள் தானாகவே பின்னால் போகிறது. முன்பக்கத்தைக் குண்டூசிகளால் குத்தி மூடியிருந்ததால், எண்ணிப் பார்த்தே அசைய வேண்டியிருக்கிறது. செருக்கு என்று நாம் தீர்ப்பிட்டது வெறும் தையலின் விளைவு. பிறரைத் தீர்ப்பிடுமுன் அவர் உடையை ஒருமுறை உடுத்திப் பார் என்பது நல்ல ஆன்மீக அறிவுரையாகவும் அமையும்.

இவ்வளவு கூறியபின், இந்நூல்வரிசையும் பொழுதுபோக்கும் தொடாமல் விடும் இடங்களைச் சொல்லாதிருப்பது விமர்சனமாகாது.

முதலாவது, எஞ்சியிருப்பவை பெரும்பாலும் செல்வரின் உடைகள். ஏழையின் சட்டை அணிந்து அணிந்து நைந்தது. பிறகு பிள்ளைக்குச் சட்டையாகியது. பிறகு தரை துடைக்கும் கந்தலாகியது. கடைசியில் காகித ஆலைக்குச் சென்றது. எனவே எஞ்சியதை மட்டும் தைப்பவர் தாம் அறியாமலே கோமகனாகவும் கோமகளாகவும் மாறிப்போகிறார். கடந்த காலத்தின் சுகம் மட்டும் அவர் தோளில் ஏறுகிறது; அதன் பசி ஏறுவதில்லை.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென 1741இல் திறக்கப்பட்ட இல்லத்தில், குழந்தையை ஒப்படைக்கும் தாயின் பெயரைக் கேட்கவில்லை. பிற்காலத்தில் அடையாளம் காண்பதற்காக, அக்குழந்தையின் உடையிலிருந்தோ தாயின் உடையிலிருந்தோ ஒரு துண்டு துணியை வெட்டிப் பதிவுத் தாளில் குத்தி வைத்தார்கள். அத்தகைய துண்டுகள் ஏறத்தாழ 5,000 இன்றும் இருக்கின்றன. அக்காலத்துச் சாதாரணப் பெண்கள் உடுத்திய துணியைக் காட்டும் மிகப்பெரிய சேமிப்பு அதுவே. ஜான் ஸ்டைல்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் அவற்றை 2010இல் பொதுமக்களுக்குக் காட்சிப்படுத்தினார். 1741 முதல் 1760 வரை சேர்க்கப்பட்ட குழந்தைகள் 16,000க்கும் மேல். தாய்மார் திரும்பி வந்து பெற்றுச் சென்றவர்கள் 152 பேர் மட்டுமே. 1767இல் ஒரு பெண் ஒட்டுத்துணிகளாலான துண்டொன்றில் இதயம் ஒன்றைத் தைத்து, அதை நடுவே வெட்டி, ஒரு பாதியை மகனோடு விட்டுச் சென்றாள். 1775இல் மறுபாதியோடு வந்து மகனைக் கேட்டுப் பெற்றாள். இன்று இந்தத் துண்டுகளைப் பார்த்து வேலைக்காரியின் கவுனையும் மீன்காரியின் பாவாடையையும் தைக்கத் தொடங்கியிருக்கும் ஆர்வலர்கள், அரசிகளின் உடையைத் தைப்பவர்களைவிட ஒரு படி உயர்ந்த பணியைச் செய்கிறார்கள் என்பதே என் மதிப்பீடு.

இரண்டாவது குறை நம் கடற்கரை வரை நீள்கிறது. ஆர்னல்டு தமக்கு வகுத்துக்கொண்ட எல்லை வெட்டும் தையலும். அந்த எல்லைக்குள் அவர் நிகரற்றவர். ஆனால் கத்தரிக்கோல் படுவதற்கு முன்பே துணிக்கு ஒரு நீண்ட வாழ்வு உண்டு. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பெண்கள் பெரிதும் விரும்பிய துணிகளில் ஒன்று, சோழமண்டலக் கடற்கரையில் கையால் எழுதிச் சாயமிட்ட பருத்தித் துணி. நம்மவர் வாயில் அது சீட்டித் துணி. எத்தனை முறை துவைத்தாலும் வெளுக்காத அதன் சிவப்பு அன்று ஐரோப்பாவுக்குப் புதுமை. தங்கள் பிழைப்பு கெடுவதாக அந்நாட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தனர். பிரான்சில் 1686 முதல் 1759 வரை அத்துணிக்குத் தடை இருந்தது. லண்டனில் 1719இல் நெசவாளர்கள் தெருவில் சென்ற பெண்களின் சீட்டி உடைகளைப் பிடித்துக் கிழித்தனர். 1721இல் அதை அணிவதையே தடுக்கும் சட்டம் வந்து 1774 வரை நின்றது.

அந்தத் துணி எப்படி உருவானது என்பதற்குக் கிடைத்துள்ள முதன்மையான சான்றுகளில் ஒன்று நம் திருச்சபையின் ஏட்டில் இருக்கிறது என்பதை வாசகர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். இயேசு சபையின் கர்நாடக மறைப்பணியைச் சார்ந்த அருட்தந்தை கஸ்தோன் லொரான் கேர்தூ, சமஸ்கிருதத்துக்கும் இலத்தீன் கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைப் பிரெஞ்சு அறிஞர்களுக்கு முற்பட எடுத்துக்காட்டியவர். 1779இல் புதுச்சேரியில் மறைந்தவர். அவர் 1742இல் பாரிசுக்கு எழுதிய கடிதமொன்று துணி எழுதும் கலையைப் படிப்படியாக விளக்குகிறது. கடுக்காய்ப் பொடியை எருமைப்பாலில் கலந்து துணியை ஊறவைப்பது, மரத்தின்மேல் வைத்து அடித்து வழவழப்பாக்குவது, ஊசித்துளையிட்ட தாளின்மேல் கரித்தூளைத் தட்டிக் கோலத்தைத் துணியில் இறக்குவது, புளித்த நீரில் இரும்பை ஊறவைத்துக் கறுப்பு எடுப்பது, படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும்படி சாயவேரோடு கொதிக்க வைப்பது, ஆட்டுப்புழுக்கை கரைத்த நீரில் அலசி வெயிலில் வெளுப்பது, நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடுவது என்று ஒன்றையும் விடாமல் எழுதுகிறார். பழைய சீட்டியை மீண்டும் உருவாக்க விரும்பும் ஆராய்ச்சியாளர் எவரும் இக்கடிதத்தைத் தாண்டிச் செல்ல முடியாது.

இந்த அறிவை அவர் எங்கே பெற்றார்? இத்தொழிலில் தேர்ந்த, திருமுழுக்குப் பெற்ற சிலரிடம், பலமுறை தனித்தனியே கேட்டு ஒப்பிட்டு எழுதியதாக அவரே கூறுகிறார். அவருடைய நேர்மை பாராட்டுக்குரியது. ஆர்னல்டின் பென்சிலைப் போலவே அவருடைய பேனாவும் கண்டதைக் கண்டபடி பதிந்தது. ஆயினும் அந்தக் கைவினைஞரின் பெயர்கள் கடிதத்தில் இல்லை. தம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் காத்த தொழில் நுட்பத்தைத் தம் ஞானத்தந்தை கேட்டார் என்பதற்காக அவர்கள் சொல்லியிருப்பார்கள். அக்கடிதம் ஐரோப்பாவின் தொழில்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையோடு அனுப்பப்பட்டது. 1746இல் மூலூஸ் நகரிலும், 1760இல் ஜூயி ஊரிலும் முதலாளிகள் சீட்டி அச்சிடும் தொழிலைத் தொடங்கிவிட்டார்கள். ஒரு கடிதத்தின்மேல் மட்டும் இந்த மாற்றத்தின் பழியைச் சுமத்துவது அநீதி. இருப்பினும் கொடுத்தவர் பெயரின்றிப் போனார்கள். பெற்றவர்கள் வளம் பெற்றார்கள். நம்பிக்கையின் பேரில் கொடுக்கப்பட்ட ஒன்றுக்கு நாம் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை ஒரு கத்தோலிக்க வாசகன் கூசாமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆர்னல்டின் வழிவந்தவர்கள் இக்குறையை உணராமல் இல்லை. 2018இல் வந்த ஐந்தாம் தொகுதியின் தலைப்பிலேயே வெட்டையும் தையலையும் சேர்த்துப் பொருளும் சூழலும் என்ற இரு சொற்கள் இடம்பெறுகின்றன. வரவேற்கத்தக்க விரிவு இது. ஆனால் பொழுதுபோக்காக இதை மேற்கொள்வோரில் பெரும்பாலோர், கையால் ஆயிரம் தையல் போடுவதில் காட்டும் கண்டிப்பைத் துணியில் காட்டுவதில்லை. ஆலையில் அச்சடித்த பூத்துணியை வாங்கி, அதன்மேல் பதினெட்டாம் நூற்றாண்டு ஊசிவேலையைச் செய்கிறார்கள். ஓராயிரம் மைல்களுக்கு அப்பால் வெயிலில் நின்று சாயவேர் காய்ச்சியவரின் உழைப்பு அந்தக் கவுனில் இல்லை. இல்லை என்ற நினைவும் அதை அணிந்தவருக்கு இல்லை. தையலில் துல்லியமும் துணியில் மறதியும் ஒரே உடையில் சேர்வது உண்மைக்கு ஒத்ததாகாது. காளஹஸ்தியிலும், தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் துணியில் கையால் எழுதும் கலம்காரிக் கலை இன்னும் உயிரோடிருக்கிறது. கடந்த காலத்தை மெய்யாக மீட்க விரும்புகிறவர் அந்த வாசலைத் தட்டி, உரிய விலை கொடுத்து, எழுதியவரின் பெயரையும் கேட்டுக் குறித்து வைக்கட்டும். அவ்வாறு செய்யும்போது அவருடைய பொழுதுபோக்கு ஆடம்பரம் என்னும் குற்றச்சாட்டிலிருந்து முழுவதும் விடுபடும்.

மேனாட்டாரைக் குறைகூறிவிட்டு நாம் கைகட்டி நிற்பதும் சரியன்று. நம் பழைய பங்குகளின் அலமாரிகளிலே பொன்னிழையும் பட்டும் கொண்டு வேலைப்பாடு செய்த திருவுடைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. எந்தக் குருவானவர் எந்தப் பெருவிழாவில் அதை அணிந்து பலி நிறைவேற்றினார் என்பது முதியோர் நினைவில் இருக்கும். கன்னியர் மடத்தின் தாழ்வாரத்தில் அமர்ந்து அந்த ஊசிவேலையைச் செய்த அனாதைச் சிறுமி யார், மாலையில் கண் எரிய அந்த லேசைப் பின்னிய கைம்பெண் யார் என்று எந்தப் பங்குக் குறிப்பேடு சொல்கிறது? அவற்றைப் பழையவை என்று எரிப்பதும், அழகுப் பொருளென்று கண்ணாடிப் பெட்டியில் பூட்டுவதும் நடைபெறுகின்றன. ஆர்னல்டைப் போல் அளவு நாடாவும் பென்சிலுமாக ஒருவர் அமர்ந்து, தையலையும் ஒட்டையும் வரைந்து, நினைவிருக்கும் முதியோரிடம் தைத்தவரின் பெயரைக் கேட்டு எழுதிவைத்தால், அது மறைமாவட்ட வரலாற்றின் ஓர் அதிகாரமாக அமையும். நம் இளைஞர் பலருக்கு இத்தகைய பணி உகந்த பொழுதுபோக்காகவும் இருக்கும்.

யோப்பாவின் கைம்பெண்கள் பேதுருவிடம் ஆடைகளை மட்டும் நீட்டவில்லை. அவற்றைச் செய்தவரின் பெயரையும் சேர்த்தே சொன்னார்கள். அதன் பிறகே பேதுரு முழந்தாளிட்டு இறைவனை வேண்டினார். தபித்தாவின் உடலை நோக்கித் திரும்பி, அவரைப் பெயர் சொல்லி அழைத்தார்.